போல்ட் முதலில், வளைவு பிறகு: மூன்று துண்டு மர வில்

மூன்று துண்டாகக் கழற்றி மாட்டும் மர வில்லைச் செய்யத் தொடங்குகிறவர்கள் பலரும் லிம்பை, அதாவது வளையும் கையை, இழைத்து, வளைத்து, அழகு பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் போல்ட்டுக்குத் துளை போடுகிறார்கள். வில் கெடுவது அந்த இடத்தில்தான். பொருத்து, அதாவது லிம்பும் ரைசரும் (நடுவில் பிடிக்கும் கட்டை) சேரும் இடம், முதலில் அமைய வேண்டும். லிம்ப் இன்னும் செவ்வகப் பட்டையாக இருக்கும்போதே அது ரைசரில் நேராக உட்கார்ந்துவிட்டால், அதற்குப் பிறகு செய்கிற ஒவ்வொரு சீவலும் அந்த நேர்கோட்டை நம்பிப் போகலாம்.

இங்கே சொல்வது 68 அங்குல நீளம், 28 அங்குல இழுப்பு, 40 பவுண்டு எடை (முழுதாக இழுக்கத் தேவையான விசை) கொண்ட வில்லுக்கான அளவுகள். ரைசர் 18 அங்குலம். லிம்ப் ஒவ்வொன்றும் 29½ அங்குலம். அதில் 4 அங்குலம் ரைசரின் மேல் படிந்திருக்கும். மீதி 25½ வெளியே நீளும். நாண் மாட்டும் வெட்டு நுனியிலிருந்து அரை அங்குலம் கீழே வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வெட்டுக்கு வெட்டு 68 அங்குலம் சரியாக வரும். வில்லாளியைப் பார்க்கும் பக்கம் வயிறு, இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. லிம்ப் எப்போதும் ரைசரின் முதுகுப் பக்கம்தான் உட்கார வேண்டும். நாணை இழுக்கும்போது ரைசரின் முனை லிம்பைத் தாங்கும், போல்ட் அதன் அடியைப் பிடித்து நிறுத்தும்.

மரமும் மூங்கிலும்

லிம்பின் வயிற்றுக்கு அடர்த்தியான, நேர் ரேகையுள்ள பலகை வேண்டும். ஐப்பே என்ற தென்னமெரிக்கக் கெட்டி மரம் நன்றாக உழைக்கும். ஹிக்கரி, மேப்பிள் போன்றவையும் ஆகும், ஆனால் அவற்றில் லிம்பின் அகலத்தை 32 மி.மீட்டரிலிருந்து 38 ஆக்க வேண்டியிருக்கும். பலகையின் பக்கவாட்டில் ரேகை ஓரத்தை நோக்கிச் சாய்ந்து வெளியேறினால் அந்தப் பலகை வேண்டாம். இரண்டு லிம்பையும் ஒரே பலகையிலிருந்து எடுப்பது நல்லது. வேறு வேறு பலகையிலிருந்து எடுத்தால் ஒன்று மெத்தென்றும் ஒன்று முரடாகவும் நின்று, பின்னால் சமவளைவு (லிம்புகள் சீராக வளைகின்றனவா என்று) பார்க்கும்போது வேலையை இரட்டிப்பாக்கும். ஈரப்பதம் 8 முதல் 10 சதவீதம் இருக்கட்டும்.

முதுகுக்கு மூங்கில். இழுவிசையைத் தாங்குவதில் அதற்கு நிகரானது குறைவு, அதனாலேயே வயிற்று மரம் பலவீனமாக இருந்தால் மூங்கில் அதை நசுக்கிவிடும். 32 மி.மீ. அகலப் பட்டையை 100 மி.மீ. விட்டமுள்ள மூங்கிலிலிருந்து பிளந்தால், வெளிப்புறக் கூம்பல் (ஓரத்தைவிட நடு மேடாக நிற்கும் உயரம்) மட்டும் 2½ மி.மீட்டருக்குச் சற்று மேல் வரும். ஓரத்தில் 1 மி.மீ. விட்டு உட்புறத்தை மட்டமாக்கினால் நடுக்கனம் சுமார் 3½ மி.மீ. நிற்கும். இது சரியான அளவு. இதைவிட விட்டம் குறைந்த மூங்கிலை எடுத்தால் கூம்பல் கூடி நடுக்கனம் ஏறிவிடும். வெளித்தோலில் பளபளப்பை மட்டும் சுரண்டலாம், நாருக்குள் போகக் கூடாது. கணுவை மட்டமாக்கவே கூடாது. அங்கே நார் மேலேறி இறங்குகிறது. மேட்டைச் சீவினால் நார் அறுந்து, வில் முதலில் சிராய் கிளம்பும் இடம் அதுவாகிவிடும். பட்டையை நீளவாக்கில் நகர்த்திப் பார்த்து, லிம்ப் ரைசரை விட்டு வெளியே வரும் இடத்தில் கணு விழாமல் வெட்டிக்கொள்ளுங்கள்.

வயிற்றுப் பலகையின் அடி 5 அங்குலம் முழுக்க 19 மி.மீ. கனத்தில் இருக்கட்டும். அடுத்த 2 அங்குலத்தில் வயிற்றுப் பக்கமிருந்து சரிவாக 11½ மி.மீட்டருக்கு இறக்கி, அங்கிருந்து நுனிவரை சீராக 7½ ஆக்குங்கள். மூங்கிலும் சேர்ந்து சரிவு முடியும் இடத்தில் 15, நுனியில் 11 மி.மீ. இது தொடக்கக் கனம்தான். சமவளைவு பார்க்கும்போது இன்னும் குறையும்.

ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் எப்பாக்ஸி. இரண்டு முகங்களையும் ஹாக்ஸா பிளேடின் பல்லால் நீளவாக்கில் கீறி, எண்ணெய்ப்பசையுள்ள மரமாக இருந்தால் ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோன் துணியால் துடையுங்கள். நுனி முதுகுப் பக்கமாக 25 மி.மீ. வளைந்து நிற்கும்படி ஓர் அச்சுப்பலகையில் வைத்து, சைக்கிள் ட்யூபை ஓர் அங்குல அகலத்தில் நீளமாக வெட்டி, இழுத்துச் சுற்றுங்கள். நூறு கிளாம்ப் போட்டாலும் இவ்வளவு சீரான அழுத்தம் கிடைக்காது. ட்யூபின் ஒவ்வொரு சுற்றும் முந்தியதைப் பாதி மூடிப் போகும்போது இரு ஓரத்திலும் பசை முத்து முத்தாக வரிசையாக வெளியே வரும். வரிசை எங்கே விட்டுப்போகிறதோ அங்கே உள்ளே பசை போதவில்லை என்று பொருள். உடனே பிரித்துப் பூசுங்கள். ஆனால் பசை முழுவதும் பிதுங்கிப் போகுமளவுக்கு இறுக்கினாலும் தப்பு, எப்பாக்ஸிக்கு மெல்லிய படலம் உள்ளே தங்க வேண்டும். 24 மணி நேரம் தொடாதீர்கள். ஐப்பே தூசியும் மூங்கில் தூசியும் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாதவை, முகமூடி கட்டாயம்.

ரைசர்

18 அங்குல நீளம், 38 மி.மீ. அகலம், 65 மி.மீ. ஆழமுள்ள கெட்டியான கட்டை. லிம்ப் உட்காரும் தளத்துக்குக் கோணம் வைப்பதா வேண்டாமா என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். முழு மர வில்லுக்கு 0 டிகிரி போதும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு டிகிரி கூட்டினால் நுனி 11 மி.மீ. முன்னே போகிறது; அந்தக் கூடுதல் சுமையை ஃபைபர் கிளாஸ் தாங்கும், மரம் கூன் விழுந்து, அதாவது நாணைக் கழற்றியும் நிமிராமல், நின்றுவிடும். 0 டிகிரியில் இன்னொரு பெரிய வசதி உண்டு. ரைசரின் முதுகு முழுவதையும் நீள இழைப்புளியால் ஒரே தளமாக இழைத்துவிடலாம். இரண்டு முனையும் தானாகவே ஒரே மட்டத்தில் வரும், முறுக்கல் இராது. இரு முனையிலும் குறுக்கே இரண்டு நேரான குச்சிகளை வைத்து, ஒன்றின் மேல் மற்றொன்று இணையாகத் தெரிகிறதா என்று கண்ணை வைத்துப் பார்த்தால் போதும்.

வயிற்றுப் பக்கம் முனையில் 22 மி.மீ., போல்ட் வரும் இடத்தில் 35 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். அம்பு செல்லும் வெட்டை நடுக்கோட்டுக்கு ஒரு நூல், அதாவது 3 மி.மீ., முன்னாலேயே நிறுத்துங்கள். அப்போது பக்கவாட்டில் 22 மி.மீ. மரம் மிஞ்சும். அதற்குக் கீழே போகாதீர்கள். அம்பு வெட்டையும் கைப்பிடி வடிவத்தையும் பொருத்து முடிந்த பிறகே செதுக்க வேண்டும். சதுரக் கட்டையாக இருக்கும்போதுதான் டிரில்லுக்கு அடியில் ஆடாமல் உட்காரும்.

துளை

லிம்பின் அடி ஓரத்திலிருந்து 15 மி.மீட்டரில் நிலைப்பு முளை (லிம்ப் பக்கவாட்டில் திரும்பாமல் பிடிப்பது), 45 மி.மீட்டரில் போல்ட். போல்ட்டிலிருந்து ரைசர் முனைக்குச் சுமார் 57 மி.மீ. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. வளைக்கும் விசை ரைசர் முனையில் உச்சத்தில் இருந்து போல்ட்டை நோக்கிக் குறைந்து, போல்ட்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகிறது. எனவே அங்கே மூங்கில் நாரை அறுத்துத் துளை போடுவதால் லிம்புக்கு ஆபத்தில்லை. அதே துளையை முனைக்கு அருகே போட்டால் லிம்ப் அங்கேயே பிளக்கும்.

போல்ட் தாங்கும் சுமையைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 40 பவுண்டு வில்லில் ஒவ்வொரு நுனிக்கும் இழுக்கும் திசையில் 20 பவுண்டு. நெம்புகோல் கணக்கில் அது போல்ட்டில் 11 மடங்காகி 220 பவுண்டு ஆகிறது. முழு இழுப்பில் நாணின் சாய்வையும் சேர்த்தால் 400 பவுண்டை நெருங்கும். 8 மி.மீ. எஃகு போல்ட்டுக்கு இது பொருட்டே இல்லை. மரத்தில் முறுக்கி இறக்கிய பித்தளைச் செருகிதான் பிடுங்கிக்கொண்டு வரக்கூடும். அதற்குப் பதில் டீ-நட்டை (மரத்தில் பதிக்கும், தகடு வைத்த நட்டு) ரைசரின் வயிற்றுப் பக்கமிருந்து பதியுங்கள். இழுவிசை கூடக் கூட அது மரத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதன் கூர்ப்பற்களை அரத்தால் நீக்கிவிட்டு, தகடு உட்காரும் அளவுக்குத் தட்டையான குழி எடுத்து எப்பாக்ஸியில் பதிப்பது நல்லது. கெட்டி மரத்தில் அந்தப் பற்கள் வெடிப்பை உண்டாக்கும்.

இப்போது நேர் பார்க்கும் வேலை. இரண்டு லிம்பிலும் நடுக்கோடு கிழித்து, போல்ட் துளையை மட்டும் 8½ மி.மீட்டரில் போட்டு, போல்ட்டை லேசாக மாட்டுங்கள். ஒரு நுனியின் நடுக்கோட்டிலிருந்து மறு நுனிக்கு மெல்லிய நூலைப் பிடித்துக் கட்டுங்கள். லிம்பை இப்படியும் அப்படியும் நகர்த்தி, நூல் ரைசரின் நடுக்கோட்டின் மேல் முழு நீளமும் சரியாகப் படியும்போது கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஒரு கண்ணை மூடி, நூலுக்கு நேர் மேலிருந்து பார்த்தால் பென்சில் கோடு நூலுக்கு அடியில் மறைந்துபோக வேண்டும். கோடு ஒரு மயிரிழை பக்கத்தில் தெரிந்தாலும் விடாதீர்கள். அப்படியே லிம்பையும் ரைசரையும் சேர்த்து 6 மி.மீ. முளைத்துளையை ஒரே குத்தாகப் போடுங்கள். முளைக்கும் போல்ட்டுக்கும் இடைவெளி 30 மி.மீ. மட்டுமே என்பதால், முளை அரை மி.மீ. பிசகினால் நுனி 11 மி.மீ. விலகும். துளைகளைத் தனித்தனியே அளந்து போடுகிறவர்களின் வில் நாண் ஒரு பக்கமாக ஓடுவது இதனால்தான்.

முளையை ரைசரில் ஒட்டி, 12 மி.மீ. வெளியே நீட்டி விடுங்கள். மேல் லிம்ப், கீழ் லிம்ப் என்று அடியில் சுட்டோ கீறியோ குறியுங்கள். இனி அவற்றை இடம் மாற்றக் கூடாது. வாஷர் உட்கார மூங்கிலின் கூம்பலைப் போல்ட்டைச் சுற்றி மட்டும் மட்டமாக்குங்கள், முனைப் பக்கம் நகராமல். கடைசியாக, ரைசர் முனையின் கூர் விளிம்பை 2 மி.மீ. உருட்டி, தளத்தில் மெல்லிய தோலை ஒட்டுங்கள். கூர் விளிம்பு லிம்பின் வயிற்றைக் கடித்து, அங்கே நசிவுக் கோடு விழும்.

வடிவமும் சமவளைவும்

அந்த நூல் தந்த நடுக்கோட்டை வைத்துத்தான் லிம்பின் அகலத்தை வரைய வேண்டும். சரிவு முடியும் இடத்திலிருந்து பாதி தூரம் 32 மி.மீ., அங்கிருந்து நுனிக்கு 12 மி.மீ. நுனியில் 5 மி.மீ. கனத்தில் கெட்டி மரத் துண்டையோ கொம்பையோ ஒட்டி, நாண் வெட்டை 4 மி.மீ. உருண்டை அரத்தால் அந்தத் துண்டில் மட்டும் எடுங்கள். அரம் மூங்கிலைத் தொடக் கூடாது.

சுரண்டுவது எப்போதும் வயிற்றில்தான். கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் விறைப்பு மாறுகிறது: கனத்தில் 10 சதவீதம் போனால் விறைப்பில் 27 சதவீதம் போய்விடும். அதனால் இழைப்புளியைத் தொடக்கத்திலேயே ஓரம் வைத்துவிட்டு, சுரண்டுதகட்டுக்கு மாறுங்கள். நீண்ட நாணை மாட்டி, சுவரில் பொருத்திய தாங்கியில் வில்லை வைத்து, கப்பியும் தராசும் கொண்டு இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சுரண்டலுக்குப் பிறகும் 20, 30 முறை இழுத்தால்தான் மரம் புது வடிவத்தைக் காட்டும். தராசு 43 பவுண்டைக் காட்டியதும் இழுப்பதை நிறுத்த வேண்டும், இழுப்பு 15 அங்குலமாக இருந்தாலும் சரி.

150 மி.மீ. நீள நேர்க்கட்டையின் நடுவில் துளையிட்டு ஒரு பென்சிலைச் செருகுங்கள். வளைத்து வைத்த லிம்பின் வயிற்றில், அதிகமாக வளைந்த இடத்தில் கட்டையை வைத்து, பென்சில் மயிரிழை எட்டாதபடி நிறுத்துங்கள். கட்டையை லிம்ப் நெடுக நகர்த்தினால் பென்சில் கோடு விழுகிற இடமெல்லாம் விறைப்பான இடம். அங்கே மட்டும் சுரண்டுங்கள். ஒரே இடத்தில் மடிவதுபோல வளைந்தால், அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களைக் குறைத்துத்தான் சரிசெய்ய முடியும். எடை குறைவதை அப்போது ஏற்றுக்கொள்ள வேண்டும்.

முதல் முறை நாணேற்றும்போது கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே 3, 4 அங்குல உயரம் போதும், பிறகு 6½ அங்குலத்துக்கு உயர்த்துங்கள். விரல்கள் அம்புக்கு மேலும் கீழுமாகப் பிடிப்பவர்களுக்கு மேல் லிம்பின் நாண் இடைவெளி கீழதைவிட 3 முதல் 6 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். உப்புத்தாள் தேய்ப்பில் 2, 3 பவுண்டு போய்விடும், ஆகவே 28 அங்குல இழுப்பில் 43 பவுண்டு வந்ததும் சுரண்டலை நிறுத்துங்கள்.

இழுக்கும்போது பொருத்தில் 'டக்' என்று சத்தம் வந்தால் தளத்தில் இடைவெளி இருக்கிறது. கார்பன் தாளை இடையில் வைத்து இறுக்கிப் பிரித்தால் மேடு எங்கே என்று தெரியும். வயிற்றில் ரேகைக்குக் குறுக்கே மெல்லிய கோடுகள் தெரிந்தால் மரம் நசிந்துவிட்டது. அதைத் தேய்த்து மறைப்பதில் பயனில்லை. அந்த இடத்தைச் சுற்றியுள்ள வளைவைக் குறைத்து, எடையையும் இறக்குங்கள். நாணைக் கழற்றியதும் ஓர் அங்குலத்துக்குள் கூன் நின்றால் நல்ல வேலை. இரண்டு அங்குலம் என்றால் மரத்தில் ஈரம் இருந்திருக்கும், அல்லது முடியாத வளைவில் இழுத்திருப்பீர்கள்.

நாணுக்கு டேக்ரான் பி-50 என்ற செயற்கை நூல், 12 முதல் 14 இழை. வார்னிஷ் பூசும்போது போல்ட் துளைக்குள்ளும் ஒரு பூச்சு போகட்டும், ஈரம் நுழைவது அங்கேதான். போல்ட்டைக் கையால் இறுக்கி அதன்மேல் கால் சுற்று போதும். முதல் 50 அம்புக்குப் பிறகு ஒருமுறை பாருங்கள், தோல் படிந்து தளர்ந்திருக்கும். அம்பில்லாமல் நாணை விடாதீர்கள். கழற்றும்போது நாணை முதலில், நாணேற்றும் கயிற்றைக் கொண்டு இறக்குங்கள். நாண் முழுக்கத் தளர்ந்து கீழே தொங்கிய பிறகுதான் போல்ட்டைத் தொட வேண்டும்.