மார்கழிக் குளிரில் நாகமரைத் துறை தாண்ட

தர்மபுரியிலிருந்து பைக்கில் கொளத்தூர், மாதேஸ்வரன் மலைப் பக்கம் போக இரண்டு வழி உண்டு. ஒன்று மேச்சேரி, மேட்டூர் என்று சுற்றிக்கொண்டு போவது. இன்னொன்று பென்னாகரம், ஏரியூர் வழியாக நாகமரைக்குப் போய், மேட்டூர் அணை நீர்ப்பரப்பைப் படகில் கடந்து பண்ணவாடியில் ஏறுவது. காரில் வருகிறவர்கள் முதல் வழியிலேயே போங்கள். இந்தத் துறை இருசக்கர வண்டிக்காரர்களுக்கானது.

கிளம்புவதற்கு முந்தின நாள் பேப்பரில் அணையின் நீர்மட்டத்தைப் பாருங்கள். முழு நீர்மட்டம் 120 அடி. டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12 தொடங்கி ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவது வழக்கம். அதனால் மார்கழி, தையில் மட்டம் இறங்குமுகமாக இருக்கும். டெல்டாவில் நல்ல மழை பெய்து திறப்பைக் குறைத்த வருஷத்தில் மட்டும் அப்படியே நிற்கும். மட்டம் நிறைந்திருந்தால் படகு ரோட்டுப் பக்கமாகவே வந்து நிற்கும். இறங்கிவிட்டால் துறையும் தண்ணீரோடு உள்ளே போய்விடும். கரை சரிவு குறைந்தது, ஆகவே ஓர் அடி இறங்கினாலே நெடுந்தூரம் வண்டல் வெளியே வரும். நன்றாக வற்றும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும். நந்தி தெரிகிறது என்று செய்தி வந்தால், பார்க்கப் போகலாம். பாரம் ஏற்றிய புல்லட்டோடு போக வேண்டாம்.

வண்டி மாட்டுவது தண்ணீரில் இல்லை, இந்த வண்டலில்தான். மேல்தோல் காய்ந்து பாளம்பாளமாக வெடித்திருக்கும், பார்த்தால் கெட்டித்தரை. அடியில் களிச்சேறு. பின்சக்கரம் தோலை உடைத்ததும் பதறி ஆக்ஸிலேட்டரை முறுக்குவார்கள், சக்கரம் தானே குழி தோண்டிச் செயின் வரை இறங்கும். மற்ற வண்டிகள் போய்ப்போய் இறுகிய, வெளிறிய தடத்திலேயே போங்கள். கறுத்து மினுங்கும் இடம் பக்கம் போகாதீர்கள். சந்தேகமாக இருந்தால் இறங்கி, முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டு, பக்கத்தில் நடந்தபடி தள்ளுங்கள். டயர் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பது உண்மைதான், ஆனால் அக்கரையில் திரும்ப அடிக்க பம்ப் கையில் இருந்தால் மட்டும்.

இருட்டோடு கிளம்பி விடியும்போது துறைக்கு வந்து நிற்பதில் லாபமில்லை. அணைத்தண்ணீர் வெதுவெதுப்பாகவும் மேல்காற்று குளிர்ந்தும் இருப்பதால், விடியற்காலையில் நீர்மேல் ஆவி எழுந்து பனியாகப் படியும். எதிர்க்கரை தெரியாமல் படகு எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். வெயில் ஏறியதும் பனி கலையும், காற்றும் அப்போது அடங்கியிருக்கும். பிற்பகலில் காற்று கூடி அலை எழும். ஆகவே திரும்பி வருகிறவர்கள் கடைசிப் படகை நம்பக் கூடாது.

வண்டி ஏற்றுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் பைகளையெல்லாம் கழற்றுங்கள். ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ, கிளாசிக் 350 கிட்டத்தட்ட 195 கிலோ. முன்னதை மூன்று பேர் சமாளிக்கலாம், பின்னதற்கு நான்கு பேர் வேண்டும். பலகை ஈரமாக இருந்தால் மண்ணைத் தூவுங்கள். இஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளுங்கள். பலகைமேல் கிளட்ச் விளையாட்டு வேண்டாம். ஒருவர் ஹேண்டிலில், ஒருவர் பின்கேரியரில், ஒருவர் சைலன்ஸர் இல்லாத பக்கம். சைலன்ஸர் சூடு ஆற நேரம் ஆகும், முழங்காலில் வடு வாங்குகிறவர்கள் அதை மறந்தவர்கள். டேங்க்கை மூடி வரை நிரப்பியிருந்தால் வண்டி சாயும்போது பெட்ரோல் கசியும். பக்கத்திலேயே படகின் டீசல் இஞ்சின் ஓடும். பென்னாகரத்தில் போடும்போதே இரண்டு விரல் குறைத்துப் போடச் சொல்லுங்கள்.

ஏறியதும் முதல் கியரில் போட்டு, சைடு ஸ்டாண்டுக்கு அடியில் மரத்துண்டு வையுங்கள், ஈரத் தளத்தில் வெறும் ஸ்டாண்டு வழுக்கும். முன் பிரேக்கைப் பழைய டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டுங்கள். ஹேண்டிலின் இரு பக்கமும் கயிறு போட்டால் போதும். வண்டிமேல் உட்கார வேண்டாம்: பாரம் மேலே ஏறினால் படகு தள்ளாடும்.

லைஃப் ஜாக்கெட்டைக் குளிர் ஜாக்கெட்டுக்கு மேலே போடுங்கள், உள்ளே அல்ல. தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கும்போது காது வரை ஏறினால் தளர்வு, இன்னும் இறுக்குங்கள். முதுகுப்பை, ஹெல்மெட் இரண்டும் படகில் இருக்கும்வரை கழற்றியே இருக்கட்டும். பணத்துக்கு சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று ஏறும்முன் கேட்டுவிட்டால் அக்கரையில் வாக்குவாதம் இருக்காது.

பண்ணவாடியில் இறங்கிக் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே ஓட்டுங்கள், டிஸ்க்கில் ஒட்டிய சேறும் ஈரமும் போகட்டும். சைடு ஸ்டாண்டின் ஸ்பிரிங்கில் சேறு அடைத்திருந்தால் ஸ்டாண்டு முழுக்க மடங்காது. இடது வளைவில் அது தரையைத் தட்டும். கொளத்தூரில் ஒரு டீ குடிக்கும்போது செயினுக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள். பாலாறு தாண்டியதும் யானை நடமாடும் காடு. பொழுது சாய்வதற்குள் மலையேறிவிட வேண்டும், மார்கழியில் அது சீக்கிரமே சாயும்.