வள்ளியம்மையின் சேலையும் பதினைந்து வலைப்பக்கங்களும்

போன ஆகஸ்டில் வகுப்பில் நடந்ததை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். சின்னப் பிள்ளைகள் அ, ஆ எழுதிவிட்டுப் போன பிறகு பத்தரை மணிக்கு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். பன்னிரண்டு பேர். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள், பேச்சில் பாதிக்கு மேல் ஆங்கிலம், ஆனால் ஆயா சொன்ன கதை என்று ஒவ்வொருவரிடமும் நாலாவது இருக்கும்.

ஆகஸ்ட் 9 இந்த நாட்டில் மகளிர் தினம். 1956இல் பாஸ் சட்டத்தை (கறுப்பின மக்கள் எங்கே போனாலும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம்) எதிர்த்துப் பெண்கள் பிரிட்டோரியாவுக்கு ஊர்வலம் போன நாள். அதற்காக எங்கள் மண்டபத்தில் சின்னதாக ஒரு நிகழ்ச்சி வைப்போம். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, காந்தி இங்கே நடத்திய சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றிப் பேசுகிறேன் என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 'கொடிகூட இல்லாத நாடு உங்கள் நாடு' என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஏளனமாகச் சொல்ல, வள்ளியம்மை தன் சேலையைக் கிழித்து நீட்டி 'இதுதான் எங்கள் கொடி' என்றாளாம், அந்தச் சேலையில் இருந்த காவி, வெள்ளை, பச்சைதான் பின்னாளில் இந்தியாவின் மூவர்ணக் கொடி ஆயிற்றாம். வாசிக்கும்போது அவள் குரல் தழுதழுத்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடம் முன்னால் இதே கதையை இதே பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று நான் சொல்லியிருக்கிறேன்.

அப்போது பின்வரிசைப் பையன் ஒருவன் கை தூக்கினான். "டீச்சர், இது எங்கே எழுதியிருக்கு?"

"நெட்ல எல்லா இடத்துலயும் இருக்கு. பதினஞ்சு பக்கம் பார்த்தேன்" என்றாள் அவள்.

அன்றைக்கு நடத்த வைத்திருந்த பாடத்தை மூடி வைத்துவிட்டேன்.

வலையில் படிப்பதை எப்படி நம்புவது என்று பள்ளிகளில் வழக்கமாக ஒரு பட்டியல் கொடுத்துவிடுவார்கள். முகவரி டாட் ஆர்க் என்று முடிகிறதா, எழுதியவர் பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, பக்கம் பார்க்கச் சுத்தமாக இருக்கிறதா. இதையெல்லாம் காசு கொடுத்து ஒரே நாளில் செய்துகொள்ளலாம் என்பதால் இந்தப் பட்டியல் மேல் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாயிற்று. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கிய பத்துப் பேர், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் பத்துப் பேர், எல்லாரையும் உட்காரவைத்துச் சில வலைத்தளங்களைக் காட்டி, நம்பலாமா என்று கேட்டார்கள். படித்த வரலாற்றாசிரியர்களிலேயே பலர் நல்ல லோகோவையும் அடுக்கான மேற்கோள்களையும் பார்த்து ஏமாந்தார்கள். காரணம், அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழே வரை படித்துக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அப்படிச் செய்யவில்லை. வந்த கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, புதுப் புது டேப் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

இது நமக்குப் புதிதா என்ன? பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளையிடமே யாராவது கேட்பார்களா? அவர் வேலை பார்க்கும் இடத்தில், பக்கத்துத் தெருவில், மளிகைக் கடையில் என்று நாலு இடத்தில் விசாரிப்போம். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னதும் புரிந்துவிட்டது.

சரி, விசாரிப்போம் என்று இறங்கினோம். மண்டபத்து வைஃபையில் நாலு போன். அந்தப் பெண் வைத்திருந்த பக்கத்திலிருந்து ஒரு முழு வாக்கியத்தை நகலெடுத்து, இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டுத் தேடச் சொன்னேன். வரிசையாக வந்தது. ஒரே வாக்கியம், காற்புள்ளிகூட மாறவில்லை, 'ஏளனம்' என்பதில் ளகரத்துக்குப் பதில் லகரம் போட்டிருந்த பிழை உட்பட அப்படியே ஏழெட்டுத் தளங்களில் இருந்தது. பிள்ளைகள் போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த ஒரு எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பதினைந்து சாட்சிகள் என்று நினைத்தோமே, ஒரே ஆள்தான் பதினைந்து சட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். நாங்கள் பார்த்த ஒரு பக்கத்தில்கூட இது எந்தப் புத்தகத்தில், எந்தப் பத்திரிகையில் வந்தது என்று ஒரு வரி இல்லை.

அப்புறம் கொடியின் வழியே போய்ப் பார்த்தோம். 1921இல் விஜயவாடாவில் பிங்கலி வெங்கய்யா காந்தியிடம் கொடுத்த வடிவத்தில் சிவப்பும் பச்சையும்தான். வெள்ளையும் ராட்டையும் காந்தி சொல்லிச் சேர்ந்தவை. சிவப்பு போய்க் காவி வந்தது 1931இல். வள்ளியம்மை இறந்தது 1914 பிப்ரவரி 22. சேலையைப் பார்த்துத்தான் நிறம் எடுத்தார்கள் என்றால் காவிக்கு எதற்குப் பதினேழு வருடம்? இதைக் கணக்குப் போட்டுச் சொன்னது நான் இல்லை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை.

காந்தி எழுதிய 'தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகம்' நூலில் வள்ளியம்மை வரும் பகுதியை எடுத்துப் படித்தோம். அதில் சேலையும் இல்லை, கொடியும் இல்லை. சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து படுத்த படுக்கையாகக் கிடந்த பெண்ணிடம் காந்தி கேட்கிறார், சிறைக்குப் போனதற்கு வருத்தப்படுகிறாயா என்று. இப்போது கைது செய்தாலும் மறுபடி போகத் தயார் என்கிறாள். செத்துப்போனால்? அதைப் பற்றிக் கவலையில்லை, தாய்நாட்டுக்காக உயிரைக் கொடுக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது என்கிறாள். வயது பதினாறு. வகுப்பில் பாதிப் பேருக்கு அதே வயது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதோடு நிறுத்தவும் எனக்கு மனம் வரவில்லை. காந்தி சொன்னால் மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியும் வர வேண்டும் அல்லவா? அந்த நூலின் பெரும்பகுதியை அவர் எரவாடா சிறையில் இருந்தபடி, நடந்து பத்து வருடம் ஆன பிறகு, நினைவிலிருந்து சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியது. நேரில் பார்த்தவர் என்பது பெரிய பலம், நினைவு என்பது அதன் பலவீனம், இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்றேன். பிறகு காந்தி இங்கே நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையைக் காட்டினேன். 1903இல் ஆங்கிலம், குஜராத்தி, தமிழ், இந்தி என்று நாலு மொழியில் தொடங்கி, அடுத்த வருடமே அச்சகத்தை டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸுக்கு மாற்றிக்கொண்ட பத்திரிகை. எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேருக்குச் சித்தப்பா வீடு அங்கேதான். பழைய இதழ்களை ஸ்கேன் செய்து காந்தி ஹெரிட்டேஜ் போர்ட்டலில் வைத்திருக்கிறார்கள். வள்ளியம்மை உயிரோடு இருந்தபோது அச்சான தாள் இது என்று சொன்னதும், கைப்பேசித் திரையில் அந்த மங்கிய எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

பேச்சை எழுதி வந்த பெண் மட்டும் அழுதுவிட்டாள். "அப்போ வள்ளியம்மை பொய்யா டீச்சர்?" என்றாள். இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். சரிபார்ப்பது என்றால் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு உதறுவது என்று பிள்ளைகள் புரிந்துகொண்டுவிட்டால் நாம் தோற்றுவிட்டோம். பொய் வள்ளியம்மை இல்லையம்மா, அவள் மேல் யாரோ போர்த்திய சேலைதான். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்று 1913இல் கேப் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, தன் அம்மாவோடு சேர்ந்து வீதிக்கு வந்தவள் அவள். ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் மேல் போட்ட மூன்று பவுன் வரிக்கு எதிராக நின்றவள். மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவல். அது நடந்தது. அதற்கு ஜோடனை எதற்கு?

இதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், 2021 ஜூலையில் இங்கே நடந்த கலவரத்தை நான் மறக்கவில்லை. இந்தப் பிள்ளைகள் அப்போது ஐந்தாவது, ஆறாவது படித்திருப்பார்கள். கடைகள் எரிந்துகொண்டிருந்த அந்த வாரத்தில் எங்கள் தெருமுனையில் டயர் அடுக்கி ஆண்கள் ராத்திரி முழுக்கக் காவல் இருந்தார்கள். வாட்ஸ்அப்பில் நிமிடத்துக்கு ஒரு குரல்பதிவு. இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வருகிறார்கள், அந்தத் தெருவுக்குள் நுழைந்துவிட்டார்கள், தண்ணீரில் விஷம் கலந்துவிட்டார்கள். யார் குரல் என்று அனுப்பியவருக்கே தெரியாது. எங்கள் தெருவுக்கு எந்த பஸ்ஸும் வரவில்லை. அந்தக் கலவரத்தில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள், ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர். பயத்தில் இருந்த மனிதர்கள் கையில் அந்தக் குரல்பதிவுகள் எரிகிற தீயில் ஊற்றிய எண்ணெய். ஆகவே வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி போட்டு வரும் செய்தி என்றால் ஐந்து கை, ஆறு கை மாறி வந்தது என்று பொருள், அதை அடுத்தவருக்குத் தள்ளுவதற்கு முன்னால் முதல் கை யாருடையது என்று கேள், பதில் இல்லையென்றால் உன்னோடு நிற்கட்டும் என்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன். சலித்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை.

நிகழ்ச்சி நாளில் அந்தப் பெண் மேடையேறி, காந்திக்கும் வள்ளியம்மைக்கும் நடந்த அந்தப் பேச்சை மட்டும் நிதானமாகச் சொன்னாள். கடைசியில், சேலையைக் கிழித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள், எங்கள் ஆயாவும் சொல்வார்கள், ஆனால் அதற்கு ஆதாரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று சேர்த்துக்கொண்டாள். ஆயா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் பேத்தியைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னத இப்படிச் சொல்லிட்டியே கண்ணு" என்றார்.

"சரி ஆயா, உங்களுக்கு யாரு சொன்னா?"

ஆயா கொஞ்ச நேரம் யோசித்தார். அவருடைய அம்மா சொன்னதாக இருக்கும், ஊரிலிருந்து கப்பலில் வந்தவர்கள் சொன்னதாக இருக்கும் என்று நாங்கள் எல்லாரும் எதிர்பார்த்து நின்றோம்.

"உங்க மாமாதான்மா. போன்ல வந்துச்சுன்னு காட்டினான்."