சரிவில் கிழங்குப் பாத்தி, நீர்த்தேக்கத்தில் மண்

பதுளை மாவட்டத்து வெலிமடை, ஊவா பரணகமப் பக்கம் ஐப்பசி மழை பிடித்ததும் உமா ஓயா ஆறு கலங்கி ஓடும். தோட்டத்து மேல்மண் அப்படியே போய் ரந்தெம்பே நீர்த்தேக்கத்தில் படிகிறது. சட்டம் இல்லாமல் இல்லை. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே வந்து, 1996இல் திருத்தமும் பெற்றது. ஆனாலும் பாத்திகள் மேலிருந்து கீழாகத்தான் இறங்குகின்றன.

இதை விவசாயியின் அலட்சியம் என்பது அநியாயம். உருளைக்கிழங்குப் பாத்தியில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும், வாடல் நோய் பரவும். சரிவுக்குக் குறுக்கே பாத்தி போடச் சொல்பவர், தண்ணீர் எப்படி வெளியேறும் என்பதையும் சொல்லவேண்டும். பாத்தியையும், சரிவுக்குக் குறுக்கே வெட்டும் வாய்க்காலான கானையும் 100 மீற்றருக்கு 1 மீற்றர் இறங்குமாறு சாய்த்தால் தண்ணீர் தேங்காது, மண்ணையும் அள்ளிப் போகாது.

அந்தச் சாய்வைப் பிடிக்க ‘A’ எழுத்து வடிவ மரச்சட்டம் போதும். இரண்டு கம்புகளின் தலையைச் சேர்த்துக் கட்டி, அடியில் கால்களை 2 மீற்றர் அகட்டி, நடுவில் குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து நூலில் கல்லைத் தொங்கவிடுங்கள். நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறித்து, கால்களை இடம்மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரு குறிகளுக்கும் நடுதான் மட்டம். பிறகு தண்ணீர் போகும் பக்கத்துக் காலின் அடியில் 2 சென்ரிமீற்றர் கட்டையை ஆணியடித்து அளந்துகொண்டே போனால் 100க்கு 1 சாய்வு தானாகக் கிடைக்கும்.

முதலில் வெட்டவேண்டியது கானை அல்ல, கான்கள் வந்து சேரும் வடிகாலை. இயற்கையான பள்ளத்தில் புல் பிடிக்கவைத்து, செங்குத்தான இடங்களில் கல் அடுக்கவேண்டும். பலர் இதைக் கடைசிக்கு விடுவதால் கானின் தண்ணீரெல்லாம் ஒரே இடத்தில் கொட்டி ஓடை பறிக்கிறது.

கானை முக்கால் முழ ஆழத்துக்கு வெட்டி, உள்ளே 3 மீற்றருக்கு ஒரு மண்தடுப்பு விடுங்கள். தடுப்பு கான் விளிம்பைவிட ஒரு சாண் தாழ்ந்திருக்கவேண்டும். விளிம்பளவு உயர்ந்தால் தண்ணீர் தடுப்பைத் தாண்டாமல் கரையை உடைக்கும். கரையில் மானாப்புல் நட்டால் வேர் பிடிக்கும். வெட்டும் புல் மூடாக்காகும். தடுப்புகளுக்கு இடையே சேரும் மண்ணை மேல்பக்கப் பாத்திக்கே அள்ளிப் போடுங்கள். மழைக்கு முன், புரட்டாதியில் இதைச் செய்யாவிட்டால் வெட்டியதே வீண்.

எல்லாச் சரிவும் இதற்குத் தோதல்ல. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், புதிதாய்க் கசியும் ஊற்று தெரிந்தால் அங்கே தண்ணீரைத் தேக்கவே கூடாது. உள்ளிறங்கும் நீர் மண்சரிவைக் கொண்டுவரும். அங்கே தடுப்பில்லாமல் தண்ணீரை விரைவாக வெளியே எடுத்துவிட்டு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். 2014 மண்சரிவில் மீரியபெத்தை என்ன விலை கொடுத்தது என்று மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கொள்கை வகுப்போர் கவனிக்கவேண்டியது இன்னொன்று. ஒரு போகத்துக்குக் குத்தகை எடுத்தவரும், காணி உறுதியில்லாத லயத்துத் தோட்டக்காரரும் பல வருடம் நிற்கும் புல்லை ஏன் நடுவார்கள்? அவர்களுக்குக் காணிப் பத்திரமோ நீண்டகாலக் குத்தகையோ வேண்டும். மானியத்தையும் வெட்டிய மீற்றருக்கு ஒரேயடியாகக் கொடுக்காமல், பாதியை வெட்டும்போதும் மீதியை முதல் பெரும்போக மழை முடிந்து, துப்புரவான கானைப் பார்த்த பிறகும் கொடுக்கவேண்டும்.