கூட்டம் வந்தா கடைய மூடுவாங்களா?

"ஏன் தம்பி, எங்கடைய மட்டும் மூடுனீங்க?"

"கூட்டம் ஜாஸ்தியாயிருச்சுக்கா. சர்வர் தாங்கல."

"கூட்டம் வந்தா யாராச்சும் கடைய மூடுவாங்களா?"

தீபாவளிக்கு முந்தின வாரம். கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலிருந்தே முறுக்கு சுட்டு விற்கிற அக்கா. கடை என்று அவர் சொன்னது, நாங்கள் பார்த்துக்கொள்ளும் அவருடைய வெப்சைட்டை. கோபமில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். ஏதோ டெக்னிக்கலாகச் சொல்லிச் சமாளித்தேன்.

வேர்ட்பிரஸ் மல்டிசைட்டை, அதாவது ஒரே மென்பொருளில் பல வெப்சைட்டுகள் ஓடுகிற அமைப்பை, கட்டி மேய்த்தவர்களுக்கு நிலைமை தெரியும். பிரிக்பீல்ட்ஸ் சீலைக் கடை, ஒரு கோயில், டியூஷன் சென்டர், அக்காவின் முறுக்கு, எல்லாம் ஒரே இன்ஸ்டலேஷன், ஒரே டேட்டாபேஸ். அன்று எதைத் திறந்தாலும் டேட்டாபேஸ் எர்ரர். டேட்டாபேஸை நடத்தும் மென்பொருளான மைஎஸ்கியூஎல் தானாக வைத்திருக்கும் உச்சவரம்பு 151 இணைப்புகள், அத்தனையும் நிரம்பிவிட்டன. ரூட்டுக்கென்று, அதாவது நிர்வாகிக்கென்று, அது ஒதுக்கி வைக்கும் கூடுதல் இணைப்பில் நுழைந்து பார்த்தால், வரிசை முழுக்க 7ஆம் எண் தளத்தின் டேபிள்கள். அக்காவுடையது. வாங்கினவர்கள் ஃபோன் நம்பரைப் போட்டு 'என் ஆர்டர் என்னாச்சு' என்று தேடுகிறார்கள். அந்த நம்பர் கிடக்கிற மெட்டா வேல்யூ என்கிற பத்திக்கு வேர்ட்பிரஸ் இண்டெக்ஸ் (சீக்கிரம் தேடியெடுக்க உதவும் அட்டவணை) போடுவதில்லை. ஒவ்வொரு தேடலும் டேபிள் முழுக்க அலைந்துவிட்டு வருகிறது.

ஓடுகிற குவெரிகளை, அதாவது அந்தத் தேடல்களை, கொன்றேன், மறுபடி முளைத்தன. ஆர்டர்களைக் கவனிக்கிற பிளகினை (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை மென்பொருள்) நிறுத்தலாமென்றால் அது நெட்வொர்க் முழுவதற்கும் போட்டது, சீலைக் கடை ஆர்டரும் சேர்ந்து போகும். முதலாளி பின்னால் நின்றார். "சீலைக் கடைய ஏத்திவிடு லா, மத்தத அப்புறம் பாப்போம்."

7ஐ ஆர்க்கைவ் செய்தேன், அதாவது அந்தத் தளத்தை மட்டும் முடக்கினேன். மற்றதெல்லாம் எழுந்துவிட்டது.

ஒன்றை நிறுத்தி மீதியைக் காப்பாற்றினேன், அதில் என்ன தப்பு? கோளாறு அங்கேதானே இருந்தது. ஆனால் அது கோளாறா? அக்கா செய்ததெல்லாம் நன்றாக விற்றது மட்டும்தான். பிளகின் எங்களுடையது.

அன்று இரவே இண்டெக்ஸ் போட்டுத் தளத்தைத் திறந்துவிட்டேன். சின்ன வேலைதான். முதலிலேயே போட்டிருக்கலாமே என்பீர்கள். டேபிள் நெரிசலில் இருக்கும்போது இண்டெக்ஸ் போடும் கட்டளையான ஆல்டரைக் கொடுத்தால், ஓடுகிற குவெரிகள் முடியும்வரை அது காத்து நிற்கும், அதற்குப் பின்னால் வருவதும் நிற்கும். அந்தக் காரணம் உண்மை. 7 சீலைக் கடையாக இருந்திருந்தால் அந்தக் காரணம் எனக்கு ஞாபகம் வந்திருக்குமா என்பதுதான் தெரியவில்லை. முதலாளி வேறெதாவது வழி பார் என்றிருப்பார். நானும் பார்த்திருப்பேன்.

இன்னொன்று. ஆர்க்கைவ் செய்த தளத்துக்குள் போனால், இது முடக்கப்பட்டது என்கிற தொனியில் ஒரே ஒரு வரி வரும். கூடவே சர்வர் 410 என்று பதில் அனுப்பும், அதாவது இந்தப் பக்கம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று கூகளுக்கும் சொல்கிறது. "காசு கட்டலையாக்கா?" என்று ஒரு வாடிக்கையாளர் அக்காவிடம் வாட்ஸ்அப்பில் கேட்டாராம்.

அந்த வரிக்குப் பதிலாக நம் பக்கத்தைக் காட்ட வேர்ட்பிரஸில் வழி இருக்கிறது, ஒரு பிஎச்பி ஃபைல் வைத்தால் போதும். வைத்துவிட்டேன். "ஆர்டர்கள் இப்போதைக்கு ஃபோனில்" என்று எழுதி, ஒவ்வொரு தளத்துக்கும் அவரவர் நம்பர் வருகிற மாதிரி. முதலாளிக்கு ரொம்பத் திருப்தி, "இனிமே தைரியமா மூடலாம்" என்றார். அக்காவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.