பார்க்கின்சனுக்கு ஸ்டெம் செல்: அந்த ஏழு பேரும், மண்டையில போட்ட வெறும் ஓட்டையும்

2025 ஏப்ரல்ல நேச்சர்ங்கற அறிவியல் பத்திரிகைல ஒரே நேரத்துல ரெண்டு ஆராய்ச்சி பேப்பர் வந்துச்சு, ரெண்டுமே பார்க்கின்சன் நோயாளிங்க மூளைக்குள்ள ஸ்டெம் செல்லுல (வேற வகை செல்லா மாறக்கூடிய ஆரம்ப நிலை செல்) இருந்து வளர்த்த புது நரம்பு செல்ல வைக்கறத பத்தி. ஒண்ணு ஜப்பான் கியோட்டோ யூனிவர்சிட்டி, ஜுன் தகாஹாஷியோட டீம், ஏழு பேருக்கு வச்சாங்க. இன்னொண்ணு அமெரிக்கா, கனடால, விவியன் தபார் டீம், 12 பேரு. அப்போல இருந்து எங்க சொந்தக்காரங்க வாட்சப் குரூப்ல "நடுக்குவாதத்துக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு, ஷேர் பண்ணுங்க"ன்னு வராத மாசம் இல்ல. எங்க பெரியப்பாவுக்கு பார்க்கின்சன் இருக்கு, அதனால ஆளாளுக்கு பாசத்துல அனுப்புறாங்க, குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை காயுறதுக்கு இங்க ஒரே தடவையா எழுதிடுறேன். நான் டாக்டர் இல்ல, வீட்ல ஒருத்தருக்கு வந்ததால இத பத்தி கைக்கு கெடைச்சதெல்லாம் படிக்கிற ஆளு, அவ்ளோதான்.

முதல்ல கொஞ்சம் பழைய கத. 1957ல ஸ்வீடன்ல அர்விட் கார்ல்சன்னு ஒருத்தர் முயல்களுக்கு ரெசர்பின் குடுத்தாரு. ரெசர்பின் எங்கேருந்து வந்துச்சு தெரியுமா, நம்ம ஊரு சர்ப்பகந்தி வேர்ல இருந்து, அப்போ அது பிரஷருக்கு குடுக்கற மருந்து. அத போட்டதும் முயலெல்லாம் அசையாம அப்டியே உக்காந்துடுச்சு, பிறகு லெவோடோபா (மூளை இத வச்சுத்தான் டோபமைன்ங்கற கெமிக்கல செய்யும்) ஊசி போட்டாரு, எழுந்து நடமாட ஆரம்பிச்சிடுச்சு. மூளையில டோபமைன் கம்மியானா உடம்பு அசையாதுங்கற விஷயம் அங்கதான் பிடிபட்டுச்சு, 2000ல அவருக்கு நோபலும் கெடைச்சுது. பார்க்கின்சன்ல நடக்கறதும் அதான், நடுமூளைல டோபமைன் செய்யற செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமா சாகுது, கை நடுங்க ஆரம்பிக்கிற நேரத்துல நிறைய செல் ஏற்கனவே போயிருக்கும். இன்னிக்கு பெரியப்பா சாப்பிடற மாத்திரைலயும் மெயின் சரக்கு அதே லெவோடோபாதான். (பூனைக்காலி விதையிலயும் லெவோடோபா இருக்கு, அது உண்மை, ஆனா அதுக்காக நாட்டு மருந்து கடைல பொடி வாங்கி மாத்திரையோட சேத்து நீங்களா சாப்பிடாதீங்க, எவ்ளோ உள்ள போகுதுன்னு கணக்கே இருக்காது.)

மாத்திரை ஆரம்பத்துல அருமையா கேக்கும். வருஷம் போகப்போக ஒரு டோஸ் நிக்கிற நேரம் குறையும், அடுத்த வேளைக்கு முன்னாடியே ஆள் கல்லு மாதிரி ஆயிடுவாங்க, அதத்தான் ஆஃப் டைம்னு சொல்றாங்க. டோஸ ஏத்துனா உடம்பு தானா வளைஞ்சு நெளிஞ்சு ஆடும். பார்க்கின்சன் ஆளுங்க இருக்கற வீட்ல கடிகாரம்தான் எஜமான், பருப்பு முட்டை எல்லாம் மாத்திரை நேரத்துக்கு தள்ளி தள்ளி குடுக்கணும், புரோட்டீன் குறுக்க வந்தா மாத்திரை சரியா ஏறாது.

அதனால செத்த செல்லுக்கு பதிலா புது செல்லையே வச்சிட்டா என்னன்னு யோசிக்கறது ரொம்ப இயல்பான விஷயம், அது புது யோசனையும் கெடையாது. 1987லயே மெக்சிகோல நோயாளியோட அட்ரினல் சுரப்பில இருந்து எடுத்து மூளையில வச்சு பாத்தாங்க, ஏகப்பட்ட பரபரப்பு ஆச்சு, கொஞ்ச வருஷத்துல அடங்கிடுச்சு. அதே வருஷம் ஸ்வீடன்ல லுண்ட் நகரத்துல கலைச்ச கருவோட மூளை திசுவ எடுத்து வைக்க ஆரம்பிச்சாங்க, சில பேருக்கு நெஜமாவே நல்லா கேட்டுச்சு, மாத்திரைய விட்ட ஆளுங்க கூட உண்டு. ஆனா ஒரு நோயாளிக்கே பல கரு வேணும், ஒவ்வொரு தடவையும் தரம் ஒரே மாதிரி இருக்காது, இதுல நெறிமுறை சிக்கல் வேற.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன், ஃபார்வர்டு அனுப்புறவங்க யாருக்கும் இது தெரியல. 2001ல அமெரிக்கால கர்ட் ஃப்ரீட் டீம் ஒரு ட்ரயல் ரிசல்ட் வெளியிட்டாங்க. 40 நோயாளிங்க, 20 பேருக்கு நெஜமாவே கரு திசு வச்சாங்க, மிச்சம் 20 பேர ஆபரேஷன் தியேட்டருக்கு கூட்டிட்டுப் போயி மண்டை ஓட்டுல ஓட்டைய போட்டு, மூளை உறைய தாண்டாம, உள்ள ஒண்ணுமே வைக்காம மூடிட்டாங்க. யாருக்கு வச்சாங்க யாருக்கு வைக்கலன்னு நோயாளிக்கும் தெரியாது, மார்க் போடற டாக்டருக்கும் தெரியாது. இத பெரியப்பாகிட்ட சொன்னப்போ அவரு "ஏன்டா, ஒண்ணுமே வைக்காம மூடுறதுக்கா ஒருத்தன் மண்டைய குடுப்பான்?"னு கேட்டாரு. குடுத்தாங்க பெரியப்பா, முன்னாடியே எல்லாம் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க, ஒரு வருஷம் கழிச்சு வேணும்னா நெஜ திசுவ வச்சிக்கலாம்னும் சொல்லியிருந்தாங்க.

எதுக்கு இவ்ளோ கொடுமைன்னு தோணும். காரணம், பார்க்கின்சன்ல நம்பிக்கைங்கறது வெறும் மனசு சம்பந்தப்பட்டது இல்ல. அதே 2001ல கனடா வான்கூவர்ல ஒரு குரூப், மூளைக்குள்ள என்ன கெமிக்கல் நடமாட்டம்னு காட்டற பெட் ஸ்கேன் எடுத்து பாத்தாங்க, மருந்துன்னு சொல்லி வெத்து ஊசி போட்டாலே நோயாளியோட மூளையில டோபமைன் சுரக்குது! எந்த கெமிக்கல் கொறையறதால நோய் வருதோ அதே கெமிக்கல எதிர்பார்ப்பு சுரக்க வைக்குது. அதனால வேற எந்த நோயவிடவும் இதுல "போட்டதும் நல்லா நடக்கறாரு, வீடியோ பாருங்க"ங்கற சாட்சிய அப்டியே எடுத்துக்க முடியாது. அந்த ஆளு பொய் சொல்லல, நெஜமாவே நல்லாத்தான் நடந்திருப்பாரு, ஆனா செல்லாலயா நம்பிக்கையாலயான்னு வீடியோ சொல்லாது. ஃப்ரீட் ட்ரயல்ல இருந்தவங்கள்ல ஒரு பகுதிய வச்சு பின்னாடி இன்னொரு ஆய்வு வந்துச்சு, தனக்கு திசு வச்சிட்டாங்கன்னு நெனச்சவங்க, உண்மையில வெறும் ஓட்டைதான்னாலும், வாழ்க்கை நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. இத படிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

சரி, ட்ரயல் என்ன ஆச்சு? நோயாளிங்களே தங்களுக்கு போட்டுக்கிட்ட மொத்த மார்க்ல ரெண்டு குரூப்புக்கும் சொல்லிக்கற வித்தியாசம் வரல. 60 வயசும் அதுக்கு கீழயும் உள்ளவங்களுக்கு அசைவு சோதனைல கொஞ்சம் முன்னேற்றம் இருந்துச்சு. ஆனா திசு வச்ச 33 பேர்ல (ஓட்டை மட்டும் போட்ட சிலரும் பின்னாடி வச்சிக்கிட்டதால எண்ணிக்கை ஏறுச்சு) 5 பேருக்கு மாத்திரைய கொறைச்சும் நிறுத்தியும் பாத்தும் அடங்காத ஆட்டம் வந்துடுச்சு, உள்ள வச்சத திரும்ப எடுக்கவும் முடியாது. 2003ல வந்த இன்னொரு ட்ரயல்லயும் இதே தலைவலி, பாதிக்கும் மேல பேருக்கு. அதோட அந்த ஆராய்ச்சிக்கு ஃபண்டும் ஆர்வமும் வத்திப்போச்சு. 2008ல இன்னொரு இடி: திசு வச்சு பத்து வருஷத்துக்கு மேல இருந்து இறந்தவங்க மூளைய சோதிச்சா, இளசா வச்ச அந்த செல்லுக்குள்ளயும் லூயி பாடிங்கற, பார்க்கின்சன்ல வர்ற புரத உருண்டை வந்திருந்துச்சு. அந்த உருண்டைல இருக்கற ஆல்ஃபா சைனியூக்ளின்ங்கற புரதம் தப்பா மடிஞ்சு பக்கத்து செல்லுக்கும் தொத்திக்குதுங்கற கருத்து பலமானதுக்கு இதுவும் ஒரு காரணம். இருந்தாலும் எல்லா செல்லுக்கும் வரல, வர்றதுக்கும் வருஷக்கணக்கா ஆச்சு, அது கொஞ்சம் ஆறுதல்.

இப்போ புதுசு என்னன்னா, செல் கெடைக்கிற வழி மாறிடுச்சு. ஷின்யா யமனாகா 2006ல எலியிலயும் 2007ல மனுஷன்லயும் சாதாரண செல்ல நாலு ஜீன் போட்டு ஸ்டெம் செல்லா திருப்பி காட்டினாரு, 2012ல நோபல். கியோட்டோ டீம் ஆரோக்கியமான ஒருத்தரோட செல்ல அப்படி திருப்பி, டோபமைன் செல்லா ஆகப்போறத மட்டும் பிரிச்சு எடுத்து வைக்கறாங்க. அமெரிக்க டீம் ஆரம்ப நிலை கருவுல இருந்து ஒரு தடவை எடுத்து லேப்ல பெருக்கிக்கிட்டே இருக்கற ஸ்டெம் செல்ல யூஸ் பண்றாங்க. வைக்கிற இடமும் கவனிக்க வேண்டியது, செல் செத்த நடுமூளைல வைக்கல, டோபமைன் போய் சேர வேண்டிய புட்டாமென்ங்கற இடத்துலயே நேரா வைக்கறாங்க, ஏன்னா வயசான மூளையில அவ்ளோ தூரம் வேர் விட்டு போய் சேரும்னு நம்ப முடியாது.

கியோட்டோல ரெண்டு வருஷம் பாத்தாங்க, பெரிய ஆபத்து எதுவும் இல்ல, கட்டி (ட்யூமர்) வளரல, அந்த அடங்காத ஆட்டமும் வரல. ஸ்கேன்ல டோபமைன் தயாரிப்பு சராசரியா 44.7 சதவீதம் கூடியிருக்கு. பலன் கணக்கு எடுத்த ஆறு பேர்ல நாலு பேருக்கு, மாத்திரை இல்லாத நேரத்துல அசைவு மார்க் தேறியிருக்கு. அமெரிக்க ட்ரயல்ல 18 மாசம், அங்க அதிக டோஸ் வாங்குனவங்களுக்கு அசைவு மார்க்ல சராசரியா 20 புள்ளிக்கு மேல முன்னேற்றம், அது சின்ன நம்பர் இல்ல. எனக்கு உண்மைலயே சந்தோஷமா இருந்துச்சு, குறிப்பா அந்த ஸ்கேன் நம்பர பாத்துட்டு, செல் உயிரோட இருந்து வேலை செய்யுதுங்கறதுக்கு அது நல்ல அடையாளம்.

ஆனா ரெண்டுமே பாதுகாப்ப சோதிக்க நடத்துனது, ரெண்டுலயும் வெறும் ஓட்டை குரூப் கெடையாது. எல்லாருக்கும் தனக்கு செல் வச்சிருக்காங்கன்னு தெரியும். 2001 கதைய படிச்சவங்களுக்கு அந்த 20 புள்ளில எவ்ளோ செல், எவ்ளோ நம்பிக்கைன்னு கேக்காம இருக்க முடியாது. அமெரிக்க ட்ரயலுக்கு பின்னாடி இருக்கற கம்பெனியும் அத உணர்ந்துதான் 2025ல ஆரம்பிச்ச அடுத்த கட்ட ட்ரயல்ல கிட்டத்தட்ட நூறு பேர எடுத்து போலி ஆபரேஷன் குரூப் வச்சிருக்காங்க. ஜப்பான்ல அதுக்கு காத்திருக்காம 2025 ஆகஸ்ட்லயே அனுமதி கேட்டுட்டாங்க. அங்க சட்டத்துல நிபந்தனையோட சீக்கிரம் அனுமதி குடுக்க வழி இருக்கு. ஏழு பேர வச்சுக்கிட்டு அவசரப்படறாங்கன்னுதான் எனக்கு படுது.

இன்னொண்ணும் சொல்லணும். இது முழுசா வெற்றி ஆனாலும் சரியாகறது டோபமைன் சம்பந்தப்பட்டது மட்டும்தான், அதாவது நடுக்கம், இறுக்கம், மெதுவான நடை. பெரியம்மாவ கேட்டா நடுக்கத்த பத்தி பேசவே மாட்டாங்க, மலச்சிக்கல், ராத்திரி தூக்கத்துல கத்திக்கிட்டு கைய காலை வீசறது, எழுந்து நின்னா பிரஷர் இறங்கி தள்ளாடறது, இதத்தான் சொல்லுவாங்க. அதெல்லாம் மூளையோட, உடம்போட வேற வேற இடத்து விவகாரம், புட்டாமென்ல செல் வச்சா தீராது.

நான் இவ்ளோ எழுதறதுக்கு நேரடி காரணம், போன மாசம் எங்க அத்தை பையன் ஒரு விளம்பரத்த அனுப்பி "அண்ணா, நம்ம ஊர்லயே பண்றாங்களாம், பெரிய மாமாவ கூட்டிட்டு போலாமா"ன்னு கேட்டான். கூப்பிட்டு பேசுனேன். கொழுப்புல இருந்து ஸ்டெம் செல் எடுத்து முதுகுத்தண்டுலயும் ரத்தத்துலயும் ஏத்துவாங்களாம், லட்சக்கணக்குல ரேட்டு, கேட்டா "ஜப்பான்ல நேச்சர்ல வந்துருக்கு சார்"ங்கறாங்க. கியோட்டோல செஞ்சதுக்கும் இதுக்கும் பேர்ல மட்டும்தான் ஒத்துமை, கொழுப்பு செல்ல ரத்தத்துல ஏத்தினா அது புட்டாமென்ல போய் டோபமைன் செல்லா உக்காராது.

ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்படி ரத்த நோய் மாதிரி சிலதுக்கு செய்யற மாற்று சிகிச்சைய தவிர மத்த எல்லா ஸ்டெம் செல் சிகிச்சையும் ட்ரயலாத்தான் நடக்கணும், வியாபாரமா செய்யக்கூடாது. ட்ரயல்னா சிடிஆர்ஐல (இந்தியாவுல நடக்கற மருத்துவ ட்ரயல்களோட பதிவேடு) பதிவு நம்பர் இருக்கும், அந்த தளத்துல யார் வேணா தேடலாம். தம்பி, அவங்கள திரும்ப கூப்பிட்டு அந்த நம்பர கேளு, குடுத்தா எனக்கு அனுப்பு, நான் பாத்து சொல்றேன். ட்ரயல்ன்னும் சொல்லிட்டு அட்வான்ஸும் கேட்டா போன வச்சிடு.