பந்து 5-இல் நிற்கிறது, ஆக்சிஜன் எவ்வளவு?

அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் ஓடும் வார்டில், எல்லோர் கண்ணும் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டர் பந்தின்மேல்தான். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்ற கோட்டில் நின்றுவிட்டால் நிம்மதி. ஆனால் பந்து காட்டுவது எவ்வளவு காற்று போகிறது என்பதைத்தான். அதில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பது அனலைசர் வைத்தால்தான் தெரியும். 70 சதவீதம் வந்தாலும் பந்து அதே இடத்தில்தான் நிற்கும்.

அறைக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். கம்ப்ரஸர் அந்தக் காற்றை அழுத்தி, ஜியோலைட் என்ற கனிமக் குருணை நிரப்பிய இரண்டு உருளைகளுக்கு மாறி மாறி அனுப்புகிறது. ஜியோலைட் நைட்ரஜனைப் பிடித்துவைக்க, மிஞ்சும் ஆக்சிஜன் நோயாளிக்குப் போகிறது; அழுத்தம் இறங்கியதும் நைட்ரஜனை விட்டுவிடும். ஈரத்தைப் பிடித்தால் அத்தனை எளிதில் விடாது. கோவிட் காலத்தில் வந்து ஸ்டோர் ரூமில் கிடக்கும் இயந்திரங்கள், ஓடாமலே கெடுவது இதனால்தான். உபயோகம் இல்லாவிட்டாலும் அவற்றை அவ்வப்போது எடுத்து ஓட்டியே ஆக வேண்டும்.

சோதிக்கும்போது, ஆக்சிஜனுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் பாட்டிலைக் கழற்றிவிடுங்கள். ஈரம் அனலைசர் சென்சாரையும் கெடுக்கும். முதலில் அனலைசர் அறைக் காற்றில் 20.9 காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு கான்சன்ட்ரேட்டரைக் கால் மணி நேரமாவது ஓடவிட்டு, அதன் உச்ச ஃப்ளோவில் அளக்க வேண்டும். 2 லிட்டரில் 94 காட்டும் இயந்திரம் 5 லிட்டரில் 80-க்கு இறங்கலாம். குறைந்த ஃப்ளோவில் மட்டும் அளந்து 'சரி' என்று எழுதுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

நல்ல இயந்திரம் 93-ஐ ஒட்டி வரும். 82-க்குக் கீழே போனால் நோயாளிக்கு வைக்கக் கூடாது. அதற்காக உடனே ஜியோலைட் மேல் பழி போட வேண்டாம். வெளி ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம்; வாரம் ஒருமுறை சோப்பு நீரில் அலசி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஓர் அடி தள்ளி வையுங்கள். மின்னழுத்தம் குறைந்தால் கம்ப்ரஸர் திணறும், ஸ்டெபிலைசர் கட்டாயம். இவ்வளவும் சரியாக இருந்தால் உள்ளே வால்வு, கம்ப்ரஸர், கடைசியில் ஜியோலைட்.

வார்டில் அதிகம் நடப்பது இன்னும் சின்னது: பாட்டில் மூடி கோணலாக ஏறி, ஆக்சிஜன் வழியிலேயே கசிவது. பந்து அப்போதும் 5-இல்தான் நிற்கும். மூக்குக் குழாயின் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கினால், குமிழி வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பாட்டில் தண்ணீரைத் தினமும் மாற்ற சிஸ்டருக்கு நினைவூட்டுங்கள்.

ஒவ்வொரு அளவையும் தேதி, மீட்டர் மணி (இயந்திரம் இதுவரை ஓடிய மணிநேரம்) இவற்றோடு இயந்திரத்திலேயே ஒட்டிய அட்டையில் எழுதுங்கள். 94, 91, 88 என்று இறங்கி வந்தால், 82-ஐத் தொடும்வரை காத்திருக்காமல் உதிரி பாகத்துக்கு ஆர்டர் போட்டுவிடலாம்.