வல்லாரை எக்ஸ்ட்ராக்ட்டும் எல்மன் சோதனையும்: மஞ்சள் நிறம் ஏமாற்றும் இடங்கள்

வல்லாரை ஞாபக சக்திக்கு நல்லது என்பதைக் கடலூர்ப் பக்கம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அல்சைமர் ஆய்வுக்கு அதை எடுக்கும் பார்மசி மாணவர்கள் இடறுவது அதற்கப்புறம்தான்.

முதலில் பெயர். நாட்டு மருந்துக் கடையில் ‘பிரம்மி’ என்று கேட்டால் வல்லாரையும் வரலாம், நீர்ப்பிரமியும் வரலாம். முன்னதில் ஏசியாட்டிகோசைடு, பின்னதில் பேக்கோசைடு, குடும்பமே வேறு. பொடியாகிவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. மார்க்கெட்டில் வேரோடு பச்சையாக வாங்குங்கள். ஒரு செடியை அழுத்தி உலர்த்தி, ஹெர்பேரியத்தில் அடையாளம் உறுதிசெய்து எண் வாங்கிவிடுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலேயே ஹெர்பேரியம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிழலில் உலர்த்தினால் பூஞ்சணம்தான் மிஞ்சும். 40 டிகிரி ஓவனில் வையுங்கள்.

இனி எல்மன் சோதனை: ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை எக்ஸ்ட்ராக்ட் எவ்வளவு தடுக்கிறது என்று நிறத்தை வைத்துப் பார்ப்பது. ஒரு குழிக்கு 140 மைக்ரோலிட்டர் பாஸ்பேட் பஃபர் (0.1 மோலார், பி.எச் 8), எக்ஸ்ட்ராக்ட் 20, அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதி 20. 15 நிமிடம் கழித்து நிறம் காட்டும் டிடிஎன்பி 10, நொதி உடைக்க வேண்டிய அசிட்டைல்தயோகோலைன் 10. நொதி உடைத்துத் தரும் தயோகோலைன் டிடிஎன்பியோடு வினைபுரிந்து மஞ்சளாகும். 412 நானோமீட்டரில் அந்த மஞ்சள் ஏறும் வேகமே நொதியின் வேகம்.

வம்பு இங்கேதான். பச்சையமும் 412-ல் ஒளியை உறிஞ்சும். மஞ்சளில் உள்ள குர்குமின் இன்னும் மோசம், அதன் உச்சமே 425 பக்கம். எடுத்த எடுப்பிலேயே ரீடிங் 3-ஐத் தொட்டால் கருவியால் அதற்கு மேல் ஏற்றத்தைக் காட்ட முடியாது. கோடு படுத்துவிடும்; நோட்டில் ‘90 சதவீதம் தடுத்தது’ என்று ஏறிவிடும்! ஒவ்வொரு செறிவுக்கும் நொதி இல்லாத பிளாங்க் தனியாக வையுங்கள். பிளாங்க் 1-ஐத் தாண்டினால் நீர்க்கச் செய்யுங்கள், அல்லது இலைப்பொடியை முதலில் ஹெக்சேன் கரைப்பானில் அலசிப் பச்சையத்தைக் குறையுங்கள்.

இன்னொரு பொய்யும் உண்டு. சில பொருள்கள் நொதியைத் தொடவே தொடாது. தயோகோலைனைப் பிடித்து விழுங்கிவிடும். குர்குமின் மாதிரி தயோலோடு (தயோகோலைனில் உள்ள கந்தகம்-ஹைட்ரஜன் தொகுதி) ஒட்டும் மூலக்கூறுகளில் இந்தச் சந்தேகம் எப்போதும் இருக்கட்டும். இதைச் சோதிக்க நொதி வேண்டாம்: தயோல் உள்ள சிஸ்டீனோடு எக்ஸ்ட்ராக்ட்டை 15 நிமிடம் வைத்து டிடிஎன்பி சேருங்கள். எக்ஸ்ட்ராக்ட் இல்லாத குழியைவிட மஞ்சள் குறைந்தால் நீங்கள் பார்த்தது நொதித் தடுப்பு அல்ல. எக்ஸ்ட்ராக்ட்டைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓவும் சும்மா இருக்காது, அதுவே நொதியைத் தடுக்கும். கன்ட்ரோல் குழியிலும் அதே சதவீதம் சேருங்கள். ஒப்பீட்டுக்குக் கேலன்டமின் போதும். அதுவும் ஸ்னோடிராப் செடி வழி வந்ததுதான், 2001-ல் அமெரிக்காவில் அல்சைமருக்கு அனுமதி பெற்றது. நோயைத் திருப்பாது, அறிகுறியைத் தணிக்கும்; உங்கள் எக்ஸ்ட்ராக்ட் இந்தச் சோதனையில் தேறினாலும் அவ்வளவுதான் சொல்லலாம்.

எலிக்குப் போகும் முன் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி. எலி நீந்தி, மறைந்திருக்கும் மேடையை நினைவில் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய நீர்ப்புதிர்த் தொட்டியில் நீர் 25 டிகிரி ஒட்டி இருக்க வேண்டும். சித்திரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டும். எலி சுகமாக மிதக்கும், மேடையைத் தேடாது. அதை மறதிக் கணக்கில் எழுதாதீர்கள்.

டோஸ் கணக்கையும் போட்டுவிடுங்கள். எலிக்கு (சுண்டெலி அல்ல, ரேட்) கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால், எலி டோஸை மனித டோஸாக்கும் 6.2-ஆல் வகுத்து, 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.9 கிராம் எக்ஸ்ட்ராக்ட். காய்ந்த இலையில் 15 சதவீதம் எக்ஸ்ட்ராக்ட் தேறினால் 13 கிராம் காய்ந்த இலை, பச்சையில் சுமார் நூறு கிராம். 500 மில்லிகிராம் என்று புரபோசலில் எழுதுவதற்கு முன் இதை இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள்.